எடை நோட்டு

நோட்டில் இரண்டே கட்டம்:
மட்கும், மட்காது.
ஆணையர் கையெழுத்துக்கு இடம் விட்டு
மிச்சத்தை நான் நிரப்ப வேண்டும்.

மேட்டூரில் திறந்தாயிற்று.
கல்லணை தாண்டி எங்கள் ஓடம்போக்கிக்கு வந்துசேர
ஆறு நாள் ஆகும் என்றார் பொதுப்பணித்துறைக்காரர்.
ஐந்தாகவும் இருக்கலாம் என்று
போனை வைக்கப்போகும்போது சொன்னார்.

ஓடம் விட்ட ஆறாம், பெயர் சொல்கிறது.
திருவாரூர்ப் பாலத்தடியில்
ஜபருல்லாவின் பொக்லைன் இறங்கிய முதல் நாள்
வாளி நிறைய ஊர் வந்தது.
சலூன் மூட்டை, கோழிக்கடை மூட்டை,
அவரைக்கொடியாய்ப் பின்னிக்கொண்ட குளுக்கோஸ் குழாய்கள்,
ஏதோ ஒரு கட்சியின் பாதிக் கொடி.
பிள்ளைகளின் டயப்பர்கள்
குடித்துக் குடித்துத் தலையணையாகியிருந்தன.
இந்தக் கோடை முழுக்க
ஆற்றில் தண்ணீர் வைத்திருந்தவை அவை மட்டும்தான்.

எந்தக் கட்டம் என்று யோசித்து நின்றேன்.
"உள்ள இருக்கிறது மட்கும் சார்,
வெளிய இருக்கிறது மட்காது.
பாதிப் பாதி போட்டுக்கங்க"
என்றாள் சந்தனமேரி.
அவளுக்குக் கையுறை ஒன்றுதான் வந்திருந்தது,
அதுவும் இடதுகைக்கு.

இரண்டாம் நாள் சேற்றை உரித்து
ஒரு ஃப்ளெக்ஸை எடுத்தார்கள்.
பன்னிரண்டுக்கு ஒன்பது. பூப்புனித நீராட்டு விழா.
கிரீடம் வைத்த சிறுமி,
கீழே வரிசையாய்த் தாய்மாமன்கள், கறுப்புக்கண்ணாடியோடு.
இழுத்துப்போக வாகாய் இருந்தது.
தைலம்மை முதலில் பிள்ளையின் முகத்தை
உள்பக்கமாய் மடித்தாள்.
"மாமன்காரங்க மேல கொட்டு."
அன்று மாமன்கள் நாற்பது நடை
கரையேறினார்கள்.

மூன்றாம் நாள் மதியம்.
சாப்பாட்டுக்கு நிறுத்துகிற நேரம்.
வாளிப் பல்லில் தொங்கியபடி வந்தது
ஒரு தண்ணீர்ப் படுக்கை,
படுக்கைப்புண்ணுக்கு வாங்குவார்களே, அந்த நீல ரப்பர்.
மூலையில் சைக்கிள் ட்யூபில்
வட்டமாய் வெட்டி ஒட்டிய ஒட்டு.
வட்டம் சரியாக வராமல்
ஒரு பக்கம் கோணியிருந்தது.

கத்தரிக்கோல் மழுங்கல், அதனால் கோணல்.

அப்பாவுக்குக் கருமாதி முடிந்த ராத்திரி
வீட்டில் அந்த வாடை போகவில்லை என்றார்கள்.
படுக்கை, கோப்பை, பாதி தீர்ந்த மாத்திரைகள்,
எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி
இதே பாலத்தில்
வண்டியை அணைக்காமலே
தூக்கிப் போட்டேன்.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை,
கீழே ஏற்கெனவே மெத்தையாய்க் கிடந்தது குப்பை.

"சார், எடை போடலாமா?" ஜபருல்லா.
போடு என்றேன்.
மட்காது, பதினொரு கிலோ.
எழுத்து என் எழுத்து மாதிரியே இருந்தது.

நான்காம் நாள் ஆணையர் வந்தார்.
மண்ணைப் பார்த்தோம். நிஜமாகவே மணல்,
கொஞ்சம் கறுப்பாய், வெட்கப்பட்டதுபோல.
போட்டோ எடுத்தார்கள்.
பக்கத்தின் அடியில் கோடிழுத்து
மொத்தம் போட்டுக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.
பொக்லைன் நன்னிலத்துக்குப் போய்விட்டது, வேறு வேலைக்கு.

ஐந்தாம் நாள் விடியும் முன்பே தண்ணீர்.
பாலத்தில் கூட்டம். சிலர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள்.
ஒருவர் பூவை அவிழ்த்துத் தூவிவிட்டு
அது இருந்த கேரிபேக்கையும் தூவினார்.
நான் பார்த்தேன்.
சொல்ல வாய் எடுத்தேன்,
பாலத்தின் கைப்பிடி சில்லென்றிருந்தது, பிடித்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீருக்கு முன்னால் நுரை வந்தது,
நுரைக்கு முன்னால்
மேலேயிருக்கிற ஊர்கள் வந்தன:
பாட்டில்கள், தெர்மாகோல், பொம்மையின் கால்,
இலை இலையாய் யாரோ எழுதிய வீட்டுப்பாடம்.
எங்களுடையதும் இப்படித்தான்
கீழேயிருப்பவர்களுக்குப் போயிருக்கும்.

சந்தனமேரிக்கு இன்று சம்பளம் கிடையாது.
நேற்றோடு கணக்கு முடிந்தது.
ஆனாலும் படித்துறையில் குந்தி
ஒரு மூங்கில் கழியால்
சிவப்பு வார் வைத்த செருப்பு ஒன்றைக் கரைக்கு இழுத்தாள்.
உதறினாள். காலோடு வைத்து அளவு பார்த்தாள்.

"வலதுகால் சார்.
அடுத்தது பின்னால வருதா,
அங்க மேலேர்ந்து கொஞ்சம் பாருங்க."