யாருடைய இடது?

கிசுமுவில் அன்றிரவு மின்சாரம் இல்லை.
விடுதி மாடியிலிருந்து பார்த்தால்
ஏரி இருக்கும் இடம் மட்டும்
இன்னும் கொஞ்சம் கூடுதல் இருட்டு.

புத்தகத்துப் படம் மண்டையில் ஏறவில்லை என்று
அடோங்கோதான் ஆரம்பித்தாள்.
நெட்பால் மைதானத்துச் சிமெண்டில்
வகுப்பிலிருந்து கிளப்பி வந்த சாக்பீஸால்
ஒரு லாரி நிற்கும் அகலத்துக்கு
இதயம் வரைந்தாள்.
மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை.
எங்கள் விடுதி அறைகளைவிடப் பெரியவை.
"நடங்க" என்றாள். "நாமதான் ரத்தம்."

ஐந்து பேர், மூன்று செல்போன் வெளிச்சம்.
நீலத் துணி போர்த்திப் பெருஞ்சிரை வழியே நுழைந்தோம்.
வலது மேலறையிலேயே சண்டை வந்துவிட்டது.
வலது என்றால் யாருடைய வலது?
படத்தைப் பார்க்கிறவளுடையதா,
படமாகக் கிடக்கிறவளுடையதா?
நெகேசா கோட்டின் மேலேயே மல்லாந்து படுத்து
இடக்கையை ஆட்டினாள்:
"நோயாளிக்கு மட்டும்தான்டி பக்கம் உண்டு.
நமக்குக் கிடையாது."

மூவிதழ் வால்வுக்கு ஆள் பற்றவில்லை.
இரண்டு பேரும் ஒரு வாளியும் நின்றார்கள்.
கோல் கம்பம் நுரையீரல்.
அதில் நீலத்தைத் தொங்கவிட்டு
சிவப்பை உடுத்தித் திரும்பினோம்.

நான்காம் சுற்றில் காவலாளி டார்ச் அடித்தார்.
"என்ன இது?"
"ரத்த ஓட்டம்."
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"போகும்போது கேட்டைச் சரியாச் சாத்துங்க" என்று போனார்.

பிறகு ஸ்டெதஸ்கோப்.
ஐவரும் பணம் போட்டு வாங்கிய ஒன்றே ஒன்று.
என் நெஞ்சு: லப், டப்.
வாம்புய் நெஞ்சு: லப், டப், நடுவில் ஒரு ஏப்பம்.
செப்கெமோய் நெஞ்சில் வைத்த நெகேசா
சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.
இடது மார்புக்குக் கீழே நகர்த்தினாள்,
அக்குள் வரைக்கும் போனாள்,
ஒன்றும் பேசாமல்
காதிலிருந்து கழற்றி என்னிடம் தந்தாள்.

லப், ஷ்ஷ்ஷ், டப்.
ஈரத் தரையில் துடைப்பத்தை இழுப்பது போல.

"கருவி பழசு" என்றேன்.
அந்தப் பொய்யை நாங்கள் நால்வரும் வாங்கிக்கொண்டோம்.
அவள் வாங்கவில்லை.
"லப்புக்கு அப்புறமா, டப்புக்கு அப்புறமா?"
"லப்புக்கு அப்புறம்."
"அப்போ சுருங்குற நேரம். எந்த வால்வு?"
யாரும் வாய் திறக்கவில்லை.
"சொல்லுங்கடி. திங்கட்கிழமை கேள்வியா வந்தா
இப்படித்தான் நிப்பீங்களா?"

ஈரிதழ் என்று சொன்னது நான்தான்.
அழுதது யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஒன்பது வயதில் தொண்டை வலி,
பின்னாலேயே முட்டி வீக்கம்,
ஒரு மாதம் பள்ளி இல்லை என்றாள்,
யாரோ ஒரு நோயாளியின் தாளை வாசிப்பது போல.

அடோங்கோ வெகு நேரம் கழித்துப் பேசினாள்.
"எங்க துறையில ஆகாயத்தாமரையைத் தள்ளித் தள்ளித்தான்
படகை வெளியே எடுக்கணும்.
காத்து மாறினா தள்ளினதுல பாதி திரும்ப வந்துரும்.
எங்கப்பா இன்னும் நாலு துடுப்பு கூடப் போடுவார்."
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, மீனோட வருவார்.
தோள்தான் வீங்கியிருக்கும்.
ஆனா எத்தனை வருஷம் போட முடியும்,
அதுக்குத்தான் கரையில ஆள் வேணும்."

செப்கெமோய் எழுந்து
இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே போய் நின்றாள்.
கால் கட்டைவிரலால் பழைய கோட்டை அழித்தாள்.
இரண்டு இதழையும் தானே வரைந்தாள்,
நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு.

விடியலில் மழை.
சாக்பீஸ் சாக்கடையில் வெள்ளையாக ஓடிற்று.

திங்கள் காலை, தேர்வு மண்டபம்.
அவள் பையில் ஸ்கேனுக்கான சீட்டு,
மதியம் இரண்டு மணிக்கு.
ஏழாவது கேள்வி: இதயத்தின் வழியே ரத்தம் செல்லும் பாதை.
யாரும் தலை நிமிரவில்லை.
மேசைகளுக்கு அடியில்
பத்துப் பாதங்கள் மெல்ல நடக்கத் தொடங்கின.
வலது, கீழே, கோல் கம்பம், திரும்பி இடது.

அங்கே இரண்டு மட்டும் சற்றே நின்றன.
நாங்கள் எட்டும் காத்திருந்தோம்.