ஒரு சங்கிலித் தூரம்

கோட்டையில், சதாம் வீதியில், துவக்குக் கடை.
நான் அங்கே கணக்கப்பிள்ளை.
முட்டையும் தொடாதவன்.
ஆனால் எந்த ரவை எத்தனை கிறெயின் என்று
நித்திரையில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன்.

செட்டியார் தெருப் பட்டறையில்
அப்பா குன்றிமணி போட்டு நிறுத்த கை எனக்கும்.
முப்பத்தெட்டின் ரவை நூற்றைம்பத்தெட்டு கிறெயின்:
ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே.
நாற்பத்துநாலின் ரவை இருநூற்று நாற்பது:
இரண்டு பவுனுக்கு இரண்டு மஞ்சாடி குறைய.
பொன்னாயிருந்தால் ஒரு தாலிக்கு ஆகும்.
இது ஈயம்.

மழைச் சனிக்கிழமை நைல்ஸ் வந்தார்,
நில அளவைக் கந்தோர்.
லைசென்ஸ் கடதாசி எண்ணெய்த் துணிக்குள்.
"பற்றைக்குள்ளே நீட்டுத் துவக்கு சிக்குது தம்பி.
இடுப்பில கிடக்க ஒண்டு வேணும்.
மான் விழவேணும்."

இரண்டையும் கண்ணாடி மேல் வைத்தேன்.
பெரியதைத் தூக்கி நீட்டிப் பிடித்தார்.
கை நடுங்கவில்லை.
விலைத்துண்டைப் பார்த்தபோது
கொஞ்சம் நடுங்கியது.

சின்னதன் ரவைப்பெட்டிகள்
மூன்று வருடமாய் அலுமாரியில்.
கடற்காற்றில் அட்டை பொருமி,
திங்கள்தோறும் முதலாளியின் ஒரே கேள்வி:
அந்த முப்பத்தெட்டு போச்சுதா?

"இது மானுக்குக் காணுமோ?"

எனக்குத் தெரியும்.
உருண்டை மூக்கு ஈயம் ஊசிபோல் போய்விடும்,
பின்னால் தோல் மூடிக்கொள்ளும்,
இரத்தம் வெளியே வராது, மான் நிற்காது.
தட்டை மூக்கு வேண்டும், கனம் வேண்டும்,
முன்காலுக்குப் பின்னே ஈரலிரண்டும் துளைபட வேண்டும்.
கனத்த துவக்கென்றால் மணிக்கட்டு பழகும்வரை
மெல்லிய மருந்தில் தொடங்க வேண்டும்.
ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம்.

"கிட்டப் போனால் காணும்" என்றேன்.
"எவ்வளவு கிட்ட?"
"ஒரு சங்கிலி."

அவருடைய அளவுகோல். இருபத்திரண்டு யார்.
சிரித்துவிட்டார்.
தன் வீட்டுப் பாஷையை
வேற்றாள் பேசக் கேட்டவர்போல் நம்பினார்.
பில் எழுதினேன்.
அந்தத் திங்கள் முதலாளி
எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது.
ஐம்பதில் மீதி நாற்பத்துநாலு.
அந்த எண்ணைப் பார்த்ததும் தலை குனிந்தேன்.

நைல்ஸ் ஏசவில்லை.
களக்குறிப்புப் புத்தகத்தை விரித்தார்,
காடளக்கும் அதே புத்தகம், அதே சிவப்புக் கோடு.
சுட்ட இடம்: ஒரு சங்கிலிக்கும் குறைவு.
கிழக்கே மூன்று சங்கிலி, பாலை வேரில் ஒரு துளி.
ஏழில் இரண்டு துளி, படுத்த புல்.
பத்தில் ஒன்றுமில்லை.
பதின்மூன்றில் இலையின் அடிப்பக்கம்.
பதினேழில் குளம்.
அதற்குப் பிறகு வெள்ளைத் தாள்.

"மற்ற ஐந்து ரவை?"
"சத்தத்துக்குச் சுட்டது."

சந்தியில் திரொலி பஸ் கம்பி கழன்று நின்றது.
கொண்டக்டர் நீளத் தடியால் நெம்பிக்கொண்டிருந்தார்.
நாங்கள் இருவரும் அதையே பார்த்தோம்.

பிறகு பெரியதை எடுத்து வைத்தேன்.
கேட்காமலே எல்லாம் சொன்னேன்:
மூக்கு, கனம், மருந்து, மணிக்கட்டு.
ஒரு தட்டத்தில் பத்துக்குப் பத்து படுகிற தூரமே
உங்கள் தூரம்,
அதற்கு ஓரடி அப்பால் நிற்கிற மான்
உங்களுடையதில்லை.

முழுவதும் கேட்டார்.
"போனமுறை இது உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

தொப்பியை எடுத்தார்.
வாங்கவில்லை. வாசலில் நின்று
மழை பார்ப்பதுபோல் கொஞ்சம் நின்றார், போனார்.

பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது.
திரும்பியது: நாற்பத்துநாலு.
செலவு: ஆறு.
கடைசிக் கட்டம், குறிப்பு.
பேனா மை காயும்வரை யோசித்து
பதினேழு சங்கிலி என்று எழுதினேன்.

திங்களன்று முதலாளி விரலை அதில் வைத்து
இது என்ன என்றார்.
அளவு என்றேன்.