நின்ற பிறகு ஏறும் சூடு

ஓடும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை இந்த வேலியன்ட்டை.
டர்பனிலிருந்து கரும்புக் காட்டோரம்
அறுபதில் வந்தது, பாடாத குறை.
டோங்காட்டில் கறி அடைத்த ரொட்டி வாங்க
ஐந்து நிமிடம் நிறுத்தினேன்.
அவ்வளவுதான்.

பிப்ரவரி மதியம். ஸ்டார்ட்டர் இருமுகிறது.
பானட்டைத் தூக்கினால் பெட்ரோல் நெடி,
கார்புரேட்டருக்குள் களகளவென்று
அரிசி போடக் காத்திருக்கும் உலைச் சத்தம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கொதிக்கவில்லை.
விசிறி நின்று, தண்ணீர் நின்று,
எல்லாம் அடங்கிய பிறகு
அடியில் கிடக்கும் புகைக்குழாய்
தன் சூட்டை மெல்ல மேலே அனுப்புகிறது.

எனக்குத் தெரிந்த கதைதான்.
மோகாம்பரியோடு முறிந்த அன்று
ஒரு வார்த்தை தடிக்கவில்லை;
வீடு வந்து செருப்பைக் கழற்றிய பிறகு
விடியும்வரை கொதித்தேன்.

கடைக்காரர் பூபாலன்
துணி மாட்டும் கிளிப் எட்டு கொடுத்தார்,
பெட்ரோல் குழாயில் வரிசையாய்க் கடிக்கவிடச் சொல்லி.
விட்டேன்.
கொடியில் காயும் காரைப் பார்த்துத் தெருவே சிரித்தது.
முக்கால் மணி நேரம். ரொட்டி தீர்ந்தது.

சனிக்கிழமை கார்புரேட்டரை இறக்கினேன்.
அடியில் விரற்கடை கனத்தில் பேக்லைட்,
இரு பக்கமும் புது கேஸ்கெட்.
போல்ட் நீளம் போதாமல்
இரண்டு தடவை கடைக்கு நடந்தேன்.
கேக் சுடும் அலுமினியத் தட்டை வெட்டி
சூட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு மறைப்பு.
குழாயை இஞ்சினை விட்டு
ஒரு சாண் தள்ளி வளைத்தேன்.

நேற்று அதே டோங்காட், அதே வெயில்.
வேண்டுமென்றே கால் மணி நேரம் நிறுத்தி வைத்தேன்.
ஒரே திருகில் பிடித்தது.

அடுத்த திருப்பம் மோகாம்பரியின் தெரு.
இஞ்சினை அணைக்காமல்
அவள் வாசலில் ஹாரன் அடித்தேன்.