பத்து, மூன்று முறை

பயிற்சியில் ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னார்கள்.
எனக்குத் தமிழில்தான் கை ஓடும்.
ஆனால் இருபத்தொன்பது என்று சொல்லி முடிப்பதற்குள்
மார்பை இரண்டு முறை அழுத்திவிடலாம்.
அதனால் பத்து வரைக்கும்தான். மூன்று முறை.
பிறகு இரண்டு மூச்சு.
மறுபடி ஒண்ணு.

அழைப்பு வந்தது 3.41.
புளியந்தோப்பு, வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
ஆண், ஐம்பத்தொன்று, பேச்சில்லை மூச்சில்லை.
தஸ்தகீர் கடைவாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு
டிமெலோஸ் சாலையில் மெட்ரோ வாட்டர் தோண்டிப் போட்ட பள்ளத்தை
சொந்த வீட்டு வாசற்படி மாதிரி தாண்டினார்.
வண்டி ஓட்டுகிறவருக்கு எங்களிடம் பைலட் என்று பெயர்.
இந்த ஊரில் எங்கே பறப்பது.

படி முழுக்கக் குடங்கள்,
லாரிக்கு இடம் பிடித்து வரிசையில்.
இடுப்பில் ஆக்சிஜன், தோளில் பை,
கையில் அந்தச் சிவப்புப் பெட்டி.
"டாக்டரம்மா வந்தாச்சு, வழி வுடுங்க."
திருத்த நேரமில்லை.

நெறிமுறையின் முதல் வரி நோயாளியைப் பற்றியதல்ல.
இடம் பாதுகாப்பானதா, பார்.
பார்த்தேன். தொங்கும் ஒயர் இல்லை.
தரை ஈரம். ஒரு குண்டான் நிறைய இட்லி மாவு.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தது,
போகிற போக்கில் அடுப்பைத் திருகி அணைத்தேன்.
பிறகுதான் அவர்.

"அண்ணே, கண்ணத் தொறங்க."
இரண்டு தோளிலும் தட்டினேன்.
கழுத்தில் இரண்டு விரல்.
பத்து விநாடிக்கு மேல் தேடாதே.
பத்து விநாடி எவ்வளவு நீளமென்று
காலடியில் உட்கார்ந்திருந்த கன்னியம்மாளைக் கேட்கவேண்டும்.

கத்தரித்த சட்டைப்பையிலிருந்து
பீடிக்கட்டு ஒன்றும் பள்ளிக்கூட ரசீதொன்றும் விழுந்தன.
தேசிங்கு என்று ரசீதில்தான் பெயர் பார்த்தேன்.
நடுநெஞ்சில் உள்ளங்கையின் அடி, முட்டி மடங்காமல்,
ஐந்து சென்டிமீட்டர்,
அழுத்தியதை முழுதாய் எழவிடு.
நான்காவதில் ஒரு விலா போனது.
நனைந்த விறகின் சத்தம்.
"மெதுவா, மெதுவா" என்றது கதவடிக் கூட்டம்.
மெதுவாகச் செய்தால் போய்விடுவார்.

பெட்டி ஆங்கிலத்தில் பேசியது.
நான் தமிழில் கத்தினேன்: "கைய எடுங்க, யாரும் தொடாதீங்க!"
கன்னியம்மாள் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்திருந்தாள்.
விட்டாள்.
ஒரு ஷாக்.
உடல் எழும்பி விழுந்தது.
உடனே ஒண்ணு, ரெண்டு, மூணு,
பார்த்துக்கொண்டிருக்காதே, அழுத்து.

ஸ்ட்ரெச்சர் திரும்பாத படிக்கட்டு.
போர்வையின் நான்கு முனையில் நான்கு பையன்கள்.
ஒவ்வொரு திருப்பத்திலும் தரையில் இறக்கச் சொன்னேன்,
பத்து, மூன்று முறை,
தூக்கச் சொன்னேன்.
காலியான குடங்கள் எங்களுக்கு முன்னால்
உருண்டு இறங்கின.
மேலே தூங்காமல் அழுத ஏதோ ஒரு குழந்தை
அந்தச் சத்தத்தில் அடங்கிப்போனது.

பேசின் பிரிட்ஜ் ஏற்றத்தில்
என் விரலடியில் ஏதோ தட்டியது.
அது அவருடையதா என்னுடையதா?
ஓடி வந்தவளின் நாடி விரல்நுனியிலும் அடிக்கும்,
இதைப் பயிற்சியில் சொல்லவில்லை.
திரையைப் பார்த்தேன், கோடு நெளிந்தது.
அவர் கழுத்தை மறுபடி தொட்டேன்,
இன்னொரு கையால் என் கழுத்தை.
இரண்டும் ஒரே வேகமில்லை.
தஸ்தகீரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பறப்பார்.

ஸ்டான்லியில் ஒப்படைத்தது 4.23.
"ஒரு ஷாக், பத்தொன்பது நிமிஷம் அழுத்தம்,
நாடி வந்தது, போகலாம், பார்த்துக்கோங்க."
ஊசலாடும் கதவு அவரை உள்ளே வாங்கிக்கொண்டது.

வராந்தாவில் படிவம் நிரப்பினேன்.
அழைப்பு நேரம், சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம்.
பக்கத்தில் செருப்பில்லாத கன்னியம்மாள்.
பிழைப்பாரா என்று கேட்பாள்,
என்ன சொல்வதென்று வாயைத் தயார் செய்திருந்தேன்.
"குக்கரு?" என்றாள்.
"அணைச்சிட்டேன். மூணு விசில்."
கொஞ்சம் யோசித்தாள்.
"அந்தப் பருப்புக்கு நாலு வுடணும்" என்றவள்
முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு
அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

வெளியே ஹாரன்.
வியாசர்பாடி, பிரசவம், இரண்டாவது.
புதுக் கையுறை போட்டேன்.