குறை ஏதுமில்லை

பதினோரு குளிர்காலம்
உலான்பாத்தர் ஹேங்கரில் கையெழுத்துப் போட்டேன்.
போட்டால் அது பறக்கும். நான் நிற்பேன்.

விமானி எழுதியிருப்பார்:
'வலது எஞ்சினில் ஏதோ முனகல்.'
மைனஸ் முப்பதில் மூடியைக் கழற்றி,
உலோகத்தில் ஒட்டிக்கொண்ட விரலை ஊதிப் பிரித்து,
தேடிவிட்டு எழுதுவேன்:
'சோதித்தோம். குறை ஏதுமில்லை.'
பாவம், அவர் காதில்தான் கோளாறு என்று
சுலூன்பாத்தும் நானும்
உப்புத் தேநீர் சிந்தச் சிரிப்போம்.

முப்பத்தெட்டு வயதில் கடன் வாங்கி
மீசை முளைக்காத பையன்களோடு
பறக்கப் படித்தேன்.

இன்று, கோவ்த் போகும் வழியில்,
இருபதாயிரம் அடியில்,
அதே முனகல்.
எந்த பேரிங் என்றுகூடச் சொல்வேன்.
கேப்டன் ஓயுன்கெரெல் ஹெட்போனை விலக்கி
"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்கிறார்.
ஸ்பானர் பழகிய கை
தொடைமேல் விரிந்து மூடுகிறது.
மூடியோ வெளியே, மேகத்துக்குள்.
பின்னால் நாற்பத்தொரு பேர்.

திரும்பி வந்து
பதிவேட்டில் அரைப்பக்கம் எழுதினேன்.
காலையில் அதன் கீழே
சுலூன்பாத்தின் சாய்ந்த எழுத்து:
'சோதித்தோம். குறை ஏதுமில்லை.'

சிரித்திருப்பான், தெரியும்.

தாளின் ஓரத்தில்
கிரீஸ் படிந்த கட்டைவிரல் ரேகை.
நடுவில் தோல் உரிந்த இடம் மட்டும் வெள்ளையாக.

கழற்றித்தான் பார்த்திருக்கிறான்.
ஏறினேன்.