காரணம் என்ற கட்டம்

டார்கோ கொண்டுவந்த தாளில்
காபிக் கறை, செம்மண் விரல்தடம்.
இறக்காத சரக்கு: முழு லோடு.
காரணம் என்ற கட்டத்தில்
கோணல் எழுத்தில் ஒரே சொல்:
பிசினஸ்.

க்ளெனிஸ் சிரித்தாள்.
"பிசினஸ் பண்ணத்தானே அனுப்பினோம்."

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தாண்டி,
தார் முடிந்து, அப்புறமும் நாலு மணி நேரம்.
ஊருக்கு ஒரே கடை.
ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன்
உறைந்த கோழி, ரொட்டி, டயப்பர், மாவு.
அன்று ஷட்டர் இறங்கியிருந்தது.
அட்டைப்பெட்டியைக் கிழித்து
எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்:
சாரி பிசினஸ்.

மன்னிக்கவும், வியாபாரம் இல்லை
என்று படித்துக்கொண்டானாம்.
எழுதினவருக்கு ஒரு கமா விட்டுப்போச்சு என்று
ஹாரன் அடித்தான்.
அதைச் சொல்லும்போது இப்போது
தன் காதையே பொத்திக்கொள்கிறான்.

ஒரு நாய் வந்து
முன்சக்கரத்தில் தன் சோலியை முடித்துப் போனது.
அதற்கும் ஆங்கிலத்தில் பிசினஸ் என்றுதான் பெயர்.
அடிலெய்டுக்குப் போன் போட்டான்.
"பிசினஸ்னா பிசினஸ்தான், கையெழுத்து வாங்கு"
என்றாள் க்ளெனிஸ்.
குளிர்பெட்டி உறுமி உறுமி
டீசல் குடித்துக்கொண்டிருந்தது.

புகை எழுந்த பக்கத்திலிருந்து
லோரெய்ன் நடந்து வந்தாள்.
கடைச் சாவி அவளிடம்தான்.
கணக்கு பார்க்கையில் வாய் ஓயாதவள்.
"இன்னைக்குக் கிடையாது."
"அப்போ எப்போ?"
"முடியறப்ப முடியும்."
"யாரு?"
பதில் இல்லை.
உள்ளங்கையால் காற்றை
மெல்லக் கீழே அமுக்கினாள்.

அப்போதுதான் பார்த்தானாம்,
இறக்குமேடையில் ஆள் இல்லை.
வண்டி நிற்குமுன்பே கதவைத் தட்டி
"உன் டீம் தோத்துப்போச்சே"
என்று சிரிக்கிற மஞ்சள் தொப்பிக்காரர்.
பேர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
லோரெய்ன் அவன் வாயையே பார்த்தாள்.
விழுங்கிவிட்டான்.

அங்கே இறந்தவர் பேரைச் சொல்வதில்லை.
என்னிடமும் சொல்லவில்லை.
பழைய தாள்களைப் புரட்டினால்
கையெழுத்து கிடைக்கும்.
புரட்டவில்லை.
அது என் சோலி இல்லை.

என் கணினியில் காரணங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு.
வெள்ளம். பழுது. தவறான முகவரி. கடை திவால்.
அம்புக்குறியை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே
என் மொழியை யோசித்தேன்.
இந்த ஒரு சொல்லை
எத்தனை பாத்திரத்தில் பிரித்து ஊற்றியிருக்கிறோம்!
கடைக்கு வியாபாரம்.
வயிற்றுக்குப் பிழைப்பு.
மூக்கை நுழைக்கிறவனுக்கு, உனக்கென்ன சோலி.
செத்தவருக்குச் செய்வது மட்டும்
காரியம்.
பதினாறாம் நாள் காரியம் என்று
கறுப்பு ஓரம் போட்டு அச்சடிக்கிறோம்.
காரியம் ஆச்சா என்று கேட்டால்
லஞ்சம் கொடுக்கப் போனவனும் தலையாட்டுவான்,
மொட்டை போட்டவனும் தலையாட்டுவான்.

க்ளெனிஸிடம் சொல்லிப் பார்த்தேன்:
காரணம் கேட்ட கட்டத்தில்
காரியத்தை எழுதியிருக்கிறான்,
பிழை ஒன்றும் இல்லை.
"வாடகைக் குளிர்பெட்டி, தெரியுமில்ல" என்றாள்.
அவள் பிழைப்பு அவளுக்கு.

ஆனால் திரும்பி வந்த முழு லோடில்
கணக்கு இடிக்கிறது.
அறுபது ரொட்டி, நாலு பெட்டி டீத்தூள்,
சர்க்கரை மூட்டை ஒன்று.
புகை எழுந்த பக்கம் எத்தனை பேர் இருந்தார்கள்
என்று நான் கேட்கவில்லை.
ரொட்டி எங்கே என்று மட்டும் கேட்டேன்.

டார்கோ சாவிக்கொத்தை எடுத்தான்.
கதவு வரை போனான்.
திரும்பாமலே சொன்னான்:
"அது பிசினஸ்."