ஒழுகுமிடம் வேறு

சொட்டு விழுவது கட்டிலின் கால்மாட்டில்.
ஆகவே ஓட்டை அதற்கு நேர்மேலே
என்று முடிவுகட்டி
ஐப்பசி இரண்டாம் ஞாயிறு
மழை மூச்சுவிட்ட இடைவெளியில்
ஏணி போட்டு ஏறினேன்.
பல்லிடுக்கில் மூன்று ஆணி,
இடுப்பில் அடுத்த வீட்டு ஸ்டெல்லாமேரியின் சுத்தியல்.

வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார்.
"பாத்துரலாம்மா" என்பார் போனில்.
மூன்று மாதமாகப் பார்க்கிறார்.
பார்வை இன்னும் மேட்டுப்பாளையம் தாண்டவில்லை.

போன வாரம்தான் குழாய்க்கு வாஷர் மாற்றியிருந்தேன்.
அந்தத் திமிர் வேறு.
போஜன் கடையில் போய் நின்று வாஷர் என்றேன்.
அரையா முக்காலா என்றார்.
கோத்தகிரியின் அத்தனை மேட்டையும்
அன்று இரண்டு முறை ஏறினேன்.
இப்போதெல்லாம் கெட்டுப்போனதைக் கழற்றி
பர்ஸில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவது.
பில்லுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவில்
துருப்பிடித்த ஏதோ ஒன்று எப்போதும் கிடக்கும்.
(கழற்றுமுன் வால்வை மூட வேண்டுமாம்.
கூரைக்கு முன்பே என்மேல் பெய்தது அது.)

தகரத்துக்கு மேடு உண்டு, பள்ளம் உண்டு.
தண்ணீர் பள்ளத்தில் ஓடும்,
ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும்.
எழுதும்போது எவ்வளவு சுலபம்!
நான் பள்ளத்தில் அடித்தேன்,
அடித்துவிட்டுப் பெருமையோடு
இறங்கத் திரும்பினால்
ஏணியடியில் காட்டெருமை.

வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால்கள்.
அவசரமே இல்லை அதற்கு.
என் மேராக்காய்க் கொடியை
நுனியிலிருந்து முறையாகத் தொடங்கியது.
ஸ்டெல்லாமேரி சன்னலைத் திறந்து
"அசையாதீங்க அக்கா" என்று கத்திவிட்டு
சன்னலை அடைத்துக்கொண்டாள்.

நாற்பது நிமிடம்.
ஆணிகள் வரிசையாக இருக்குமிடத்தில்தான் உட்காரலாம்,
அதன் கீழேதான் மரம் இருக்கிறது.
மற்ற இடமெல்லாம் வெறும் தகரம்,
என் எடைக்கு உத்தரவாதமில்லை.
உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல்
தகரத்தைத் தடவத் தொடங்கினேன்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள் நான்.
குத்துமுன் விரலால் தேடுவேன்,
கண்ணை நம்பமாட்டேன்.
கூரைக்கு மட்டும் ஏன்
தேடாமல் குத்தினேன்?

முகட்டுப் பக்கம், கட்டிலிலிருந்து ஐந்தடி தள்ளி
விரலுக்கு அகப்பட்டது.
மிளகளவு. சுற்றிலும் துரு.
தண்ணீர் நுழைந்த இடத்தில் விழுவதில்லை.
ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டு
இருட்டில் நடந்து நடந்து
கை ஓய்ந்த இடத்தில் விட்டுவிடுகிறது.

ஈரத்தில் எதுவும் ஒட்டாது.
வெயிலுக்காக நான்கு நாள் காத்திருந்தேன்.
வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தது,
டீ குடிக்கப் போகிறவன்போல் இருபது நிமிடம் நின்றது.
உப்புத்தாளால் துருவைத் தேய்த்து
உலர்ந்த துணியால் துடைத்து
தார் டேப்பைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன்.
டியூட்டிக்கு ஒரு மணிநேரம் தாமதம்.
நகத்தில் தார். நோயாளிகள் என் கையையே பார்த்தார்கள்.

வாசல் கதவு உப்பிக்கொண்டு மூட மறுக்கிறது.
இழைப்புளியை இரவல் வாங்கி
விளிம்பைச் சீவிவிடலாமென்று கை பரபரக்கிறது.
வேண்டாம்.
பங்குனி வெயிலில் அது தன் அளவுக்குத் திரும்பிவிடும்,
இப்போது சீவினால்
அடுத்த மார்கழிக்குள் அந்த இடுக்கில்
பனி வந்து குடியேறும்.
அதுவரை இடுப்பால் ஓர் இடி.
தெருவுக்கே தெரியும் நான் வீடு திரும்பியது.

நேற்றிரவு நல்ல மழை.
கட்டிலடி வாளியில் ஒரு விட்டில்பூச்சி மட்டும்,
காய்ந்து.
ஆனால் அடுப்பங்கரையில்
டக்,
டக்.
விளக்கைப் போடாமலே எழுந்துபோய்
குண்டான் ஒன்றை வைத்துவிட்டு வந்து படுத்தேன்.
இது நான் அடித்த ஆணி.
எங்கே நுழைகிறதென்று
எனக்குத் தெரிந்த தண்ணீர்.